ஐந்தாவது வட்டம்

பத்தாம் வகுப்பில் கணக்குக்குப் பயந்து, பதினொன்றாம் வகுப்பில் வரலாற்றுப் பிரிவில் போய் ஒளிந்துகொண்டவன் நான். கல்லூரியிலும் வரலாறுதான். பாண்டியர், பாளையக்காரர், பானிபட்டு என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் கணக்கு என்னை மறக்கவில்லை. பொறுமையாகக் காத்திருந்து, எனக்கு முன்மண்டை வெளுத்து, மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, அரசு வேலைக்கான குரூப் தேர்வு என்ற வேஷத்தில் வந்து சட்டையைப் பிடித்தது. அந்தத் தேர்வில் தமிழ், பொது அறிவோடு கணக்கும் உண்டு. எல்லாம் பள்ளிக்கூடக் கணக்கு. தொட்டியும் குழாயும், அப்பன் வயதும் மகன் வயதும், சுவர் கட்டும் ஆட்களும் அவர்களில் பாதியில் ஓடிப்போகிறவனும்.

அந்தத் தேர்வைப் பல வருடமாக எழுதிக்கொண்டிருந்தேன். ‘என்ன பண்ணுதீங்க?’ என்று யாராவது கேட்டால் ‘படிக்கேன்’ என்பேன். என் மகளைக் கேட்டாலும் அதே பதில்தான். ஒரே வீட்டில் இரண்டு மாணவர்கள். ஒருத்திக்குச் சீருடை உண்டு, இன்னொருவனுக்குத் தொப்பை உண்டு.

போன வருடம் சாரல் தொடங்கும் நேரத்தில் மனைவி ஒரு முடிவைச் சொன்னாள். சண்டை போட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

“ஏங்க, இந்தத் தடவை எழுதுங்க. வந்தா சந்தோசம். வரலைன்னா அண்ணன் சொன்ன வேலைக்குப் போயிருங்க. அவனும் எத்தனை நாளைக்குத்தான் அங்கன பிடிச்சு வச்சிருப்பான்?”

அண்ணன் என்றால் என் மைத்துனர். சார்ஜாவில் இருக்கிறார். அவர் கம்பெனிக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர் வேலை எனக்காகக் காத்திருந்தது. நல்ல வேலைதான். அதில் ஒரே ஒரு குறை, அது சார்ஜாவில் இருந்தது. நான் தென்காசியை விட்டுத் திருநெல்வேலிக்குப் போனாலே சாயங்கால பஸ்ஸைத் தேடுகிற ஆள். மகள் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாள். நான் திரும்பி வரும்போது எந்த வகுப்பில், எந்த ஊரில் இருப்பாளோ. இந்த ஊரிலேயே இருக்க வேண்டுமென்றால் பட்டியலில் என் எண் வரவேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

காலையில் நூலகத்துக்குப் போவேன். அங்கே பேசக் கூடாது. பேசாமல் கணக்குப் போட்டால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். அதனால் எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில், அதே தேர்வுக்குப் படிக்கிற மூன்று பேர் கூடுவோம். ஒருத்தி ஆலங்குளத்திலிருந்து பஸ்ஸில் வருகிற தங்கச்சி. கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வருவாள். தாவரவியல் படித்தவள். “பூவைப் பிரிச்சுப் பிரிச்சுப் படிச்சேன். இப்போ தொட்டியில தண்ணி ஊத்திட்டு இருக்கேன்” என்பாள். இன்னொருவன் செங்கோட்டைத் தம்பி. பாலம் கட்டப் படித்த எஞ்சினீயர். சீசனுக்குக் குற்றாலத்தில் வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் கிழிப்பான். அம்மா வழியில் மலையாளம் ஒட்டிக்கொண்டதால், போதும் என்பதற்கு ‘மதி மதி’ என்பான்.

மூன்று பேரும் ஒருவருக்கொருவர் கணக்குக் கேட்டு மடக்குவதுதான் எங்கள் படிப்பு. பேனா, தாள் கூடாது. இது ஏதோ ஞானிகள் வகுத்த விதி என்று நினைத்துவிடாதீர்கள். சாரலில் தாள் நனைந்துவிடும், நனையாததைக் காற்று கோயில் கோபுரப் பக்கம் கொண்டுபோய்விடும். எனவே மனக்கணக்கு. டீ தீர்வதற்குள் விடை வரவேண்டும்.

இன்னொரு விதிதான் முக்கியம். தேர்வில் ஒவ்வொரு கேள்விக்கும் ஏ, பி, சி, டி, இ என்று ஐந்து வட்டம் உண்டு. முதல் நான்கும் விடைகள். ஐந்தாவது, ‘விடை தெரியவில்லை’. தெரியாவிட்டால் சும்மா விடக் கூடாது, தெரியவில்லை என்று அந்த ஐந்தாவது வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு வரவேண்டும். எங்கள் பெஞ்சிலும் அப்படித்தான். தெரியாதவர் ‘இ’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னவர் பெஞ்சின் ஓரத்துக்கு நகர வேண்டும். அங்கே தகரக் கூரை முடிந்து சாரல் நேராகத் தோளில் இறங்கும். அடுத்து ஒருவர் ‘இ’ சொல்லும்வரை அந்த இடம் அவருக்குத்தான். நனைவது கூடப் பரவாயில்லை. டீக்கடைக்காரரே “என்ன அண்ணாச்சி, இன்னைக்கு ஓரமா?” என்று துக்கம் விசாரிப்பார். அதுதான் தாங்காது.

“அண்ணாச்சி, அப்பன் வயசு மகன் வயசைப் போல நாலு மடங்கு. இருவது வருசம் கழிச்சு ரெண்டே மடங்கு. இப்போ மகனுக்கு என்ன வயசு?” என்று ஒருநாள் தம்பி ஆரம்பித்தான்.

“ஆப்ஷன் சொல்லுலே.”

“எட்டு, பத்து, பன்னெண்டு, பதினஞ்சு.”

நான் நடு ஆளைப் பிடித்தேன். மகன் பத்து என்றால் அப்பன் நாற்பது. இருபது வருடம் கழித்து முப்பதும் அறுபதும். சரியாக உட்கார்ந்தது.

“பத்து.”

“எப்படிப் போட்டீங்க?”

“அந்தப் பையன் முகத்தப் பாத்தாலே தெரியுதுல்லா.”

தங்கச்சி டீயை ஊதிக்கொண்டே சொன்னாள்: “அண்ணாச்சிக்கு வாசல் வழியாப் போற பழக்கமே கிடையாது. எந்தக் கணக்குன்னாலும் பின்னால சுவரேறிக் குதிச்சுருவாங்க.”

உண்மைதான். விடைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கேள்விக்குத் திரும்பிப் போவதுதான் என் வித்தை. தம்பி ‘எக்ஸ்’ வைத்துச் சமன்பாடு கட்டுவான், அதில் இரும்பும் சிமென்டும் போடாத குறை. தங்கச்சி மட்டும் கண்ணை மூடிக்கொள்வாள். திறக்கும்போது விடை இருக்கும்.

அவள் கேட்டால்தான் ஆபத்து.

“ரெண்டு குழாய். ஒண்ணு பன்னெண்டு மணி நேரத்துல தொட்டிய நிரப்பும், இன்னொண்ணு பதினஞ்சு மணி நேரத்துல. அடியில ஒரு ஓட்டை. அது முழுத் தொட்டியையும் இருவது மணி நேரத்துல காலி பண்ணிரும். மூணும் திறந்து கெடக்கு. எப்போ நிரம்பும்?”

“ஓட்டைய அடைக்காம எந்தக் கூறுகெட்டவன் தண்ணி பிடிப்பான்?”

“எங்க வீட்டுக்காரரு அப்படித்தான் பிடிப்பாரு. நீங்க சொல்லுங்க.”

“ஆப்ஷன்?”

“இன்னைக்கு ஆப்ஷன் கிடையாது. வாசல் வழியா வாங்க.”

டீ ஆறியது. ஓட்டை வழியாக என் மூளையும் ஒழுகியது. “இ” என்று சொல்லிவிட்டு ஓரத்துக்கு நகர்ந்தேன். பத்து மணி நேரமாம். மணிக்கு அறுபதில் ஐந்து பங்கு வரும், நான்கு பங்கு வரும், மூன்று பங்கு போகும், மிச்சம் ஆறு பங்கு. அவள் சொன்னபோது அவ்வளவு எளிதாக இருந்தது. அந்த வாரம் முழுக்க என் இடது தோள் காயவில்லை.

சீசன் என்றால் ஊருக்குக் கொண்டாட்டம். தென்காசியில் வீடு வைத்திருப்பவனுக்கு விருந்தாளி. இந்த நேரத்தில் நமக்கு இத்தனை சொந்தக்காரர்கள் இருப்பது தெரியவரும். மதுரையிலிருந்து பெரியப்பா குடும்பம் வேனில் வந்து இறங்கியது. நான் வேலை இல்லாதவன் என்பதால், அருவி காட்டும் அதிகாரி நான்தான். அழைத்துக்கொண்டு போனால், தண்ணீர் கூடிவிட்டது என்று குளிக்க விடவில்லை. எண்ணெய் தேய்த்த உடம்போடு கூட்டம் கூட்டமாக மக்கள் நின்றார்கள். என் பெரியப்பாவும் துண்டைக் கட்டிக்கொண்டு, அருவியை முறைத்துக்கொண்டு நின்றார். அப்போது கையில் டோக்கன் கட்டும் கழுத்தில் விசிலுமாகச் செங்கோட்டைத் தம்பி வந்து சேர்ந்தான். எங்களைப் பார்த்ததும் வணக்கம் சொன்னானா? இல்லை.

“அண்ணாச்சி, ஒரு துண்டோட விலைய இருவது சதவீதம் ஏத்துதாங்க. அப்புறம் இருவது சதவீதம் குறைக்காங்க. லாபமா, நட்டமா?”

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா திரும்பாமலே சொன்னார்: “நாலு சதவீதம் நட்டம்.” பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஏலே, இதையா இத்தனை வருசமா படிச்சிட்டு இருக்கே? இது எட்டாங்கிளாஸ் கணக்குல்லா.”

“இது சும்மா அஸ்திவாரம் பெரியப்பா” என்றேன்.

“இன்னும் அஸ்திவாரத்துலதான் நிக்கியா?”

தம்பி விசிலை வாயில் வைத்துக்கொண்டு வண்டிகள் பக்கம் நழுவிவிட்டான். பெரியம்மா குறுக்கே வந்து, “சும்மா இருங்க, பாவம், படிக்கட்டும்” என்றாள். அவர் சொன்னதை நான் தாங்கிக்கொண்டேன். அந்தப் ‘பாவம்’ ஈரத்துணி மாதிரி வீடு வரைக்கும் ஒட்டிக்கொண்டே வந்தது.

வீட்டிலும் கணக்கு என்ற பகை இருந்தது. ஒருநாள் மகள் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். இரண்டு எண்களின் கூடுதல், வித்தியாசம் கொடுத்து எண்களைக் கேட்டிருந்தார்கள்.

“ஆப்ஷன் என்னம்மா?”

“ஆப்ஷனா? அதெல்லாம் கிடையாதுப்பா. விடையத்தான் கேக்காங்க.”

“ஆப்ஷன் இல்லாம எப்படிம்மா விடை கண்டுபிடிக்க?”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை குறையவில்லை. அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று கண்டுபிடித்த பிள்ளையின் கவலைதான் இருந்தது. புத்தகத்தை மெல்ல வாங்கிக்கொண்டு போய்விட்டாள். உள்ளே அவளே போட்டு முடித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். என்னிடம் திரும்ப வரவில்லை.

தேர்வன்று மூன்று பேருக்கும் ஒரே பள்ளிக்கூடம். தங்கச்சிக்குக் கீழே, எனக்கும் தம்பிக்கும் மாடியில் வெவ்வேறு அறை. உள்ளே போவதற்கு முன்னால் அவள், “முடிச்சிட்டு வெளிய டீக்கடைக்கு வந்துருங்க. ஒவ்வொரு கணக்கா கேப்பேன்” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

நான் ஒரு திட்டத்தோடு போயிருந்தேன். கணக்கை முதலில் முடிப்பது, வரலாற்றைக் கடைசிக்கு வைப்பது. வரலாறு நம் சொந்த வீடு, சாவி சட்டைப்பையில் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்ற தைரியம். கணக்கும் நன்றாகத்தான் போனது. பெஞ்சில் நனைந்ததெல்லாம் வீண் போகவில்லை என்று தோன்றியது. கணக்கில் கடைசியாக ஒன்றே ஒன்று மிஞ்சியது.

ஒரு வேலையை ஒருவன் தனியாக இருபது நாளில் முடிப்பான். இன்னொருவன் முப்பது நாளில். இருவரும் சேர்ந்து தொடங்குகிறார்கள். வேலை முடிவதற்கு ஐந்து நாள் முன்னால் முதல் ஆள் போய்விடுகிறான். மொத்தம் எத்தனை நாள்?

சேர்ந்து செய்தால் பன்னிரண்டு நாள். இது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். பன்னிரண்டில் ஐந்து போனால் ஏழு. ஏழு நாள் இருவரும், மிச்சத்தை இரண்டாமவன் மட்டும். போட்டுப் பார்த்தால் பத்தொன்பதரை வந்தது. ஆனால் கொடுத்திருந்த விடைகள் பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து, பதினாறு.

மறுபடி போட்டேன். பத்தொன்பதரை. சுவரேறிக் குதிக்கலாம் என்று பின்பக்கம் போனால், பதற்றத்தில் எந்தச் சுவர் எங்கே என்று தெரியவில்லை. ஐந்தாவது வட்டம் அங்கேயே வெள்ளையாக இருந்தது. பேனாவை ஒருமுறை வைத்து அழுத்தினால் முடிந்தது. வைக்கத்தான் போனேன். அப்போது டீக்கடையும், அந்தப் பெஞ்சும், ‘இந்தக் கணக்குக்கு என்ன போட்டீங்க அண்ணாச்சி?’ என்று அவள் கேட்கப்போவதும் கண்ணுக்கு முன்னால் வந்தன. ஒன்றே ஒன்றில் போய் ‘இ’ என்று சொல்வதா? இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம். இன்னும் ஒரே ஒரு தடவை.

அறைக் கண்காணிப்பாளர் நேரத்தைச் சொன்னபோது நான் அந்த இரண்டு வேலைக்காரர்களோடுதான் இருந்தேன். வரலாறு முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. பாண்டியர்களும் பாளையக்காரர்களும் வரிசையாக நின்று என்னைப் பார்த்தார்கள். வாசிக்க நேரமில்லை. ‘சி’ என்று மேலிருந்து கீழ்வரை கறுப்படித்தேன். வரலாறு படித்தவன் வரலாற்றில் இறங்கிய லட்சணம் அது. அந்தக் கணக்குக்கும் ஒரு ‘சி’யைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

மாடியிலிருந்து இறங்கும்போது தம்பியின் முகத்தைப் பார்த்தேன். கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

“அந்த ரெண்டு ஆளு கணக்கு…” என்றான்.

“பத்தொம்பதரையா?”

“ஆமா அண்ணாச்சி. எத்தனை தடவை போட்டாலும் பத்தொம்பதரை. எக்ஸ் வச்சுப் போட்டாலும் அதான் வருது. தமிழ்க் கேள்வி பாதி பாக்கவே இல்ல.”

“இ போட்டுட்டுப் போவேண்டியதுதானலே?”

“நீங்க போட்டீங்களா?”

நான் பேச்சை மாற்றினேன்.

டீக்கடையில் தங்கச்சி எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். நான் சி-சியாகப் போட்ட கதையை, சிரிக்கிற மாதிரி சொல்லி முடித்தேன். தம்பி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. “அந்தக் கணக்குக்கு என்னம்மா வந்துச்சு?” என்று நானே கேட்டேன்.

“பதினஞ்சு” என்றாள்.

“எப்படி?”

“முதல் ஆளு போயிட்டா வேலை பன்னெண்டு நாள்ல எப்படி முடியும்? அது தள்ளிப் போகும்லா. கடைசி அஞ்சு நாளு ரெண்டாவது ஆளு மட்டும்தான். முப்பதுல அஞ்சு, ஆறுல ஒரு பங்கு. மிச்சம் அஞ்சு பங்க ரெண்டு பேரும் சேந்து பத்து நாள்ல முடிச்சிருப்பாங்க. பத்தும் அஞ்சும்.”

“மதி மதி” என்று தம்பி தலையில் கைவைத்துக்கொண்டான்.

எனக்குப் பொறாமை வரவில்லை. அதற்குக்கூடத் தெம்பு வேண்டும். இவ்வளவு எளிய விஷயம்: ஒருத்தன் போய்விட்டால் முடிகிற நாள் தள்ளிப் போகும். நான் போனவனை மட்டும் கழித்துவிட்டு, நாள் அங்கேயே நிற்கும் என்று நம்பியிருக்கிறேன்.

முடிவு வர மாதங்கள் ஆயின. அதுவரை பெஞ்சுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தோம், ஆனால் கணக்குக் கேட்பது நின்றுபோனது. மழை நின்று வெயில் வந்து, ஓரமும் நடுவும் ஒன்றாகிவிட்டன. பட்டியல் வந்தபோது என் எண் இல்லை. தம்பியின் எண்ணும் இல்லை. தங்கச்சியின் எண் இருந்தது.

இரண்டு நாள் கழித்து அவள் குழந்தையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு பொட்டலம் அல்வாவோடு வந்தாள். தம்பி அன்றைக்கு வரவில்லை. குழந்தை என் டீக் கிளாஸைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன். கோவிச்சுக்கக் கூடாது.”

“அல்வா குடுத்துட்டுச் சொன்னா கோவம் எப்படிம்மா வரும்?”

“அந்த ரெண்டு ஆளு கணக்கு எனக்கும் ஹால்ல வரல. ஒரு தடவை போட்டேன், பத்தொம்பதரை வந்துச்சு. இ போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிட்டேன். வெளிய வந்து உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கும்போதுதான் யோசிச்சேன், பதினஞ்சு வந்துச்சு.”

நான் கிளாஸைக் குழந்தையிடமிருந்து விடுவித்துக் கீழே வைத்தேன்.

“அன்னைக்கே சொல்லியிருப்பேன்” என்றாள். “அதுக்குள்ள நீங்க ஹிஸ்டரி பூரா சி போட்டேன்னு சொல்லிட்டீங்க. அதுக்கு மேல எப்படிச் சொல்ல?”

“ஏம்மா, இ போட்டா நாங்க ஓரத்துல உக்கார வச்சிருவோம்னு உனக்குப் பயமே இல்லையா?”

“ஓரமெல்லாம் இங்கனதான அண்ணாச்சி. அங்கன ஹால்ல எல்லாருக்கும் தனித்தனி பெஞ்சுல்லா.”

அல்வாவை வாயில் போட்டுக்கொண்டேன். எந்த ஊரில் வேலை போடுவார்கள் என்று கேட்டேன். தெரியாது, ஆனால் பக்கத்தில் கிடைத்தால் நல்லது என்றாள். குழந்தை சிணுங்கியது. ஆலங்குளம் பஸ் வந்ததும் கிளம்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் அல்வாவைக் கொடுத்தேன். அவளுக்குப் பட்டியல் விஷயம் தெரியும்; நான் அதைப் பற்றிப் பேசட்டும் என்று இரண்டு நாளாகப் பேசாமல் இருந்தாள். “உங்க அண்ணனுக்குப் போன் போடு” என்றேன். சரி என்றாள். நான் உள்ளே போய்ப் படுத்தேன். பல வருடமாகப் பகலில் படுத்தால், புத்தகம் என்னைப் பார்க்கிறது என்று ஒரு குறுகுறுப்பு இருக்கும். அன்று இல்லை. கட்டையாகத் தூங்கினேன். நடுவில் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, எட்டிப் பார்த்து, “அப்பாக்கு உடம்பு சரியில்லையாம்மா?” என்று கேட்டது மட்டும் காதில் விழுந்தது. “அலுப்பு. தூங்கட்டும்” என்றாள் மனைவி.

சாயங்காலம் எழுப்பிவிட்டாள். மைத்துனர் உடனே போட்டோ அனுப்பச் சொல்லியிருந்தார், வெள்ளைப் பின்னணியில். ஸ்டுடியோவில் என்னை ஸ்டூலில் உட்காரவைத்த பையன், கேமரா வழியாகப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினான்.

“அண்ணாச்சி, விசாவுக்குச் சிரிக்கக் கூடாது.”

“நான் எங்கடே சிரிச்சேன்?”

“இப்போ அழுத மாதிரி இருக்கு. அதுவும் கூடாது. சும்மா சாதாரணமா வைங்க.”

சிரிப்புக்கும் அதற்கும் நடுவில் என்னிடம் ஒரு முகம் இருக்கிறதா என்று தேடிப்பார்த்தேன். கொஞ்சம் நேரம் பிடித்தது. பையன் பொறுமைசாலி. ஒருவழியாக எடுத்தான், எடுத்துவிட்டுக் கண்ணை மூடிட்டீங்க என்றான். இன்னொரு தடவை உட்கார்ந்தேன்.